கடைசிக் கம்பத்து வோல்டேஜ்

"டிரான்ஸ்பார்மரைப் பெரிசா மாத்திட்டாங்க. அப்பவும் சாயங்காலமானா மிக்ஸி முனகுது, மோட்டார் எடுக்க மாட்டேங்குது. ஏன்?" தமிழ்நாட்டில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழும் கேள்வி இது. பதிலாக வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "லோடு அதிகம்" என்பார்கள். இல்லாவிட்டால் "ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க" என்பார்கள். முதல் பதில் உண்மைதான், ஆனால் எதையும் விளக்குவதில்லை. இரண்டாவது, வாங்கியவருக்கு நன்மை, தெருவுக்குத் தீங்கு. டீயைச் சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கரண்ட் வரும் வழி. பெரிய மின்கோபுரங்களில் வரும் 110 கிலோவோல்ட் மின்சாரம், துணை மின்நிலையத்தில் 11 அல்லது 22 கிலோவோல்ட்டாக இறங்குகிறது. அங்கிருந்து ஊர்களுக்குப் போகும் உயர் அழுத்த லைனைத்தான் மின்வாரிய ஊழியர்கள் எச்.டி. லைன் என்பார்கள். அது ஊரோரத்து டிரான்ஸ்பார்மரில் வந்து முடியும். அதற்குப் பிறகு கம்பம் கம்பமாக வீட்டுக்கும் வயலுக்கும் வருவது எல்.டி. லைன். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல்.

டிரான்ஸ்பார்மரின் உடம்பில் ஒரு தகடு பொருத்தியிருக்கும். அதில் எல்.டி. பக்கம் 433 வோல்ட் என்று எழுதியிருக்கும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 433 என்றால், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 250. வீட்டுக்கு வேண்டியது 230 தானே, ஏன் 20 வோல்ட் கூடுதல்? வழியில் இறங்கும் என்று தெரிந்தே வைத்த கூடுதல் அது. டிரான்ஸ்பார்மரின் உள்ளேயே கொஞ்சம் இறங்கும், கம்பியில் கொஞ்சம் இறங்கும், வீட்டு சர்வீஸ் வயரில் கொஞ்சம் இறங்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், வீட்டுக்கு வரும் வோல்டேஜ் அறிவித்த அளவிலிருந்து மேலே 6 சதவீதமும் கீழே 6 சதவீதமும்தான் விலகலாம் என்றன. 230ஐ அளவாகக் கொண்டால் 216 முதல் 244 வரை. எச்.டி. லைனுக்கு மேலே 6, கீழே 9 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தார்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

காவிரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு எல்.டி. லைனை விளக்க வேண்டியதே இல்லை. தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் தளும்பும்போது கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மதகைத் திறந்துவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. வாய்க்காலின் நீளம், அகலம், தூர், நடுவில் எத்தனை பேர் இறைக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். டிரான்ஸ்பார்மரை மாற்றுவது மதகைப் பெரிதாக்குவது. வாய்க்கால் பழைய வாய்க்கால்தான்.

அந்தக் கம்பியைக் கொஞ்சம் பார்ப்போம். நடுவில் ஒரு எஃகு இழை, சுற்றிலும் ஆறு அலுமினிய இழைகள். ஆக ஏழு. நம் லைன்மேன்கள் இதை இழையின் எண்ணிக்கையாலும் மில்லிமீட்டர் கனத்தாலும் சொல்வார்கள்: 7/2.11, 7/2.59, 7/3.35. பொறியாளர்களின் புத்தகத்தில் இதற்கெல்லாம் ஆங்கிலேயர் காலத்து விலங்குப் பெயர்கள் உண்டு. 2.11 அணில், 2.59 மரநாய், 3.35 முயல். விலங்கு பெரிதாகப் பெரிதாகக் கம்பியின் தடை குறையும். அணிலுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 1.39 ஓம், மரநாய்க்கு 0.93, முயலுக்கு 0.55. வெயிலில் காய்ந்து, கரண்டிலும் சூடானால் இந்தத் தடை இன்னும் கூடும்.

இப்போது ஒரு கணக்கு. டிரான்ஸ்பார்மரிலிருந்து ஒரே திசையில் 1 கிலோமீட்டர் ஓடும் 7/2.59 லைன். அதில் வழிநெடுக, ஏறத்தாழ சம தூரத்தில், பத்து 5 எச்.பி. பம்புசெட்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். பத்தும் ஓடினால் 75 ஆம்பியர். டிரான்ஸ்பார்மரின் திறனை அளக்கும் கேவிஏவில் இதைச் சொன்னால் 52. ஆக, 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் தாராளமாகப் போதும். அதன் மேல் ஓவர்லோடே இல்லை.

ஆனால் கம்பியில் என்ன நடக்கிறது? கம்பியின் தடையோடு, கரண்ட் மாறி மாறி ஓடுவதால் வரும் ரியாக்டன்ஸ் என்னும் எதிர்ப்பையும் சேர்க்க வேண்டும். மோட்டாரின் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்ட்டில் வேலை செய்யும் பங்கு, 0.8 என்று வைத்துக்கொண்டால், அந்த 75 ஆம்பியரும் கடைசிக் கம்பம் வரை போயிருந்தால் ஒரு ஃபேஸில் 71 வோல்ட் இறங்கியிருக்கும். வழிநெடுகப் பிரிந்து போவதால் பாதி, அதாவது சுமார் 36 வோல்ட். இதோடு டிரான்ஸ்பார்மருக்குள் இறங்கும் ஏழெட்டு வோல்ட்டையும் சேருங்கள். எச்.டி. லைனே அன்று 6 சதவீதம் தாழ்ந்திருந்தால் 250 என்பது தொடக்கத்திலேயே 235. கழித்துக்கொண்டே வந்தால் டிரான்ஸ்பார்மர் அடியில் 227, கடைசிக் கம்பத்தில் 191. விதி கேட்பது 216.

சரி, 63 கேவிஏவை எடுத்துவிட்டு 100 கேவிஏ வைக்கிறார்கள். மாலை போட்டு, படம் எடுத்து, ஊரே கூடி நிற்கிறது. கடைசிக் கம்பத்தில் எவ்வளவு கூடும்? டிரான்ஸ்பார்மருக்குள் இறங்குவது ஏழெட்டு வோல்ட்டிலிருந்து ஐந்தாகக் குறையும். 3 வோல்ட் லாபம். கம்பியில் தொலைந்த 36 வோல்ட் அப்படியே இருக்கிறது. டீக்கடைக் கேள்விக்கு விடை இதுதான். டிரான்ஸ்பார்மர் சுட்டுப் போகிறது, பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிது வைப்பது சரியான வைத்தியம். கடைசிக் கம்பத்து லோ வோல்டேஜுக்கு அது வைத்தியமே இல்லை.

இவ்வளவு நீண்ட, மெல்லிய லைன்களை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று கோபப்படத் தோன்றும். போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பைக்காராவில் 1932லும் மேட்டூரில் 1937லும் நீர்மின்சாரம் தொடங்கி, 1957ல் தமிழ்நாடு மின்சார வாரியம் அமைந்து, குக்கிராமம் வரை கம்பி இழுத்தது இந்த மாநிலத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. அன்றைக்கு ஒரு வீட்டின் லோடு என்பது இரண்டு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும். அதற்கு மெல்லிய கம்பி போதும். குறைந்த செலவில் அதிக ஊர்களைத் தொட வேண்டும் என்ற முடிவு அந்தக் காலத்துக்குச் சரியான முடிவு. பிறகுதான் அந்தக் கம்பியின் தலையில் ஒவ்வொன்றாக ஏறியது: கிரைண்டர், டி.வி., பிரிட்ஜ், ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, இப்போது மின்சார ஸ்கூட்டர். புதுத் தெரு முளைத்தால் பழைய லைனின் நுனியில் நாலு கம்பம் நட்டு நீட்டினார்கள். விவசாய இணைப்புகள் இன்று 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு நீட்டலும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானது, மொத்தமாகப் பார்த்தால் கடைமடை நீண்டுகொண்டே போயிற்று.

வயதின் கோளாறு வேறு. அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் சரியான கிளாம்ப் இல்லாமல் முறுக்கிவிட்டால் அந்த இணைப்பு மெல்ல அரிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அதைச் சீக்கிரம் முடித்துவிடும். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, மறுபடி அறுந்து, மறுபடி முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தடை. ராத்திரியில் ஜம்பர் என்னும் இணைப்புக் கம்பியின் முனை சிவப்பாகத் தெரிந்தால் அங்கே வோல்டேஜ் வெப்பமாகிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

லோ வோல்டேஜில் அதிகம் அடிபடுவது மோட்டார். பல்பாக இருந்தால் மங்கும், அவ்வளவுதான். மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 191 வந்தால், 17 சதவீதம்தான் குறைந்தது என்று தோன்றும். இழுவிசை 31 சதவீதம் குறைந்திருக்கும். கிணற்றுத் தண்ணீரின் எடை குறையவில்லை. ஆகவே மோட்டார் திணறி, அதிகக் கரண்ட் இழுத்து, சூடேறி, ஒருநாள் காயில் புகையும். காயில் கட்டும் கடைகளில் கோடைக்காலத்தில் மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். அந்தச் செலவு எந்த மின்கட்டணப் பட்டியலிலும் வராது. இலவச மின்சாரம் வாங்கும் விவசாயி, இந்த வழியில் ஒவ்வொரு ஆண்டும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார். 5 எச்.பி. எடுக்கவில்லை என்று அடுத்தமுறை அவர் ஏழரை எச்.பி. வாங்குகிறார். லைனில் இன்னும் கொஞ்சம் கரண்ட் ஏறுகிறது. பக்கத்து வயல்காரர் மோட்டாரும் எடுக்காமல் போகிறது.

ஊர்ப்பக்கத்து வீடுகளில் இதே கதை இரண்டு பெட்டிகளால் நடக்கிறது. ஒன்று ஸ்டெபிலைசர். 1,500 வாட் ஏ.சி. 230 வோல்ட்டில் சுமார் 6.5 ஆம்பியர் எடுக்கும். லைனில் 180 தான் வருகிறது என்றால், ஸ்டெபிலைசர் அதை 230 ஆக்கிக் கொடுக்க லைனிலிருந்து 8.3 ஆம்பியர் இழுக்கும். அது மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை, கம்பியிலிருந்து கூடுதலாக வாங்குகிறது. அந்தக் கூடுதல் கரண்ட்டால் லைனின் வோல்டேஜ் இன்னும் இறங்கும். அடுத்த வீட்டுக்காரரும் ஸ்டெபிலைசர் வாங்குவார். தெரு முழுக்க வாங்கிய பிறகு, வாங்க முடியாத வீட்டில் டியூப்லைட் மினுக்கிக்கொண்டே இருக்கும். தென்னிந்தியாவில் ஸ்டெபிலைசர் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வி-கார்டு நிறுவனம் 1977ல் கொச்சியில் தொடங்கியது இந்தப் பெட்டியை விற்கத்தான்.

இன்னொன்று ஃபேஸ் மாற்றும் சுவிட்ச். மூன்று ஃபேஸ் வரும் வீடுகளில், ஒரு ஃபேஸில் வோல்டேஜ் இறங்கினால் நல்ல ஃபேஸுக்குத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வீடு திருப்பினால் பலன் உண்டு. ஏழு மணிக்கு முப்பது வீடுகள் ஒரே ஃபேஸுக்குத் திருப்பினால், அதுவரை நல்ல ஃபேஸாக இருந்தது பாழாகி, காலியாகக் கிடக்கும் ஃபேஸில் வோல்டேஜ் ஏறும். எட்டு மணிக்கு எல்லாரும் அதற்குத் தாவுவார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வோல்டேஜைச் சீர்செய்யும் வேலையை வாரியம் செய்யாதபோது, அதை ஒவ்வொரு வீடும் தன் சுவருக்குள் செய்துகொள்ளப் பார்க்கிறது. வோல்டேஜோ தெருவுக்குப் பொதுவானது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? பணம் அதிகம் கேட்காத வேலையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பலன் அதிகம் தருவதும் அதுதான். ஃபேஸ் சமப்படுத்துவது. 300 மீட்டர் தெரு, அதே 7/2.59 கம்பி. வீடுகள் எல்லாம் ஒரே ஃபேஸில் மாட்டியிருக்கின்றன. தெருக்கோடியில் 30 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். கரண்ட் ஃபேஸ் கம்பியில் போய் நியூட்ரல் கம்பியில் திரும்ப வேண்டும். போகும்போதும் வோல்டேஜ் இறங்கும், வரும்போதும் இறங்கும். மொத்தம் சுமார் 17 வோல்ட். அதே வீடுகளை மூன்று ஃபேஸிலும் பத்துப் பத்து ஆம்பியராகப் பிரித்து மாட்டினால், கரண்ட் மூன்றில் ஒன்றாகும். நியூட்ரலில் மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. இறங்குவது 3 வோல்ட்டுக்கும் குறைவு. ஆறில் ஒரு பங்கு! வாங்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. ஒரு கிளாம்ப் மீட்டரும், இரண்டு ஆட்களும், ஒருநாள் மின்தடையும் போதும். இதைச் செய்யாமல் டிரான்ஸ்பார்மருக்கு எஸ்டிமேட் போடுவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

அடுத்தது நியூட்ரல். இதைப் பற்றிப் பேசாமல் வோல்டேஜ் பேச்சு முடியாது, ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. நியூட்ரல் இணைப்பு டிரான்ஸ்பார்மர் அருகே அறுந்தாலோ தளர்ந்தாலோ, வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட ஆரம்பிக்கும். லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும். லோடு குறைந்த ஃபேஸில் 300, 350 என்று ஏறும். "திடீர்னு ஹை வோல்டேஜ் வந்து தெருவில பாதி டி.வி. போச்சு" என்று கேள்விப்படும் சம்பவங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். சில வீட்டில் விளக்கு மங்கி, அதே நேரம் சில வீட்டில் பளீரென்று எரிந்தால், ஒரு விநாடியும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்னகம் புகார் மையத்துக்கோ இ.பி. ஆபீசுக்கோ போன் செய்ய வேண்டும். பழைய லைனில் நியூட்ரலையும் டிரான்ஸ்பார்மரின் எர்த்தையும் ஆண்டுக்கொரு முறை இறுக்கிச் சோதிப்பது, எந்த நவீனக் கருவியையும்விட முக்கியமான வேலை.

இதையெல்லாம் செய்தும் கடைசிக் கம்பம் திணறுகிறதா? இப்போது நம் பத்துப் பம்புசெட் லைனுக்குத் திரும்புவோம். மூன்று வழிகள் இருக்கின்றன.

கம்பியை மாற்றலாம். 7/2.59க்குப் பதில் 7/3.35 போட்டால் 36 வோல்ட் இறக்கம் 24 ஆகும். பரவாயில்லை, ஆனால் 1 கிலோமீட்டருக்கு நாலு கம்பியும் மாற்ற வேண்டும், கனம் கூடியதால் சாய்ந்த கம்பங்களும் மாறும்.

மோட்டார்களுக்குக் கெப்பாசிட்டர் போடலாம். மோட்டார் இழுக்கும் கரண்ட்டில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போய்த் திரும்பும் கரண்ட்; அதைக் கெப்பாசிட்டர் மோட்டாரின் பக்கத்திலேயே கொடுத்துவிடும். பவர் ஃபேக்டர் 0.8லிருந்து 0.95க்கு ஏறினால் 75 ஆம்பியர் 63 ஆகும். நல்ல விஷயம். ஆனால் மெல்லிய எல்.டி. கம்பியில் தடைதான் பெரிது, ரியாக்டன்ஸ் சிறிது. ஆகவே வோல்டேஜ் இறக்கம் 36லிருந்து 31 ஆகத்தான் குறையும். கெப்பாசிட்டரின் முழுப் பலன் தெரிவது மேலே, டிரான்ஸ்பார்மரிலும் எச்.டி. லைனிலும் துணை மின்நிலையத்திலும். அதனால் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டால் கடைசிக் கம்பம் மீண்டுவிடும் என்று விவசாயிக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. போட்ட கெப்பாசிட்டர் செத்துப்போய்ப் பெட்டியில் வெறுமனே தொங்கினால் அந்த 5 வோல்ட்டும் கிடைக்காது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. டிரான்ஸ்பார்மரை லைனின் ஒரு முனையிலிருந்து எடுத்து நடுவில் வைப்பது. அதே டிரான்ஸ்பார்மர், அதே கம்பி. இப்போது ஒவ்வொரு பக்கமும் ஐந்து பம்பு, அரைக் கிலோமீட்டர். கரண்ட் பாதி, தூரமும் பாதி. பாதியில் பாதி கால். 36 வோல்ட் 9 ஆகிறது. டிரான்ஸ்பார்மர் அடியில் 227 என்றால் கடைசிக் கம்பத்தில் 218. விதிக்குள் வந்துவிட்டோம், எச்.டி. லைன் தாழ்ந்திருக்கும் அதே நாளில். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரமும் காலே ஆகிறது. செலவு என்பது எச்.டி. லைனை அரைக் கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோவது. எளிதான வேலை என்று சொல்லமாட்டேன். யாருடைய வயல் வழியாகப் போவது, யார் வரப்பில் டிரான்ஸ்பார்மரை நிறுத்துவது என்ற பேச்சுவார்த்தை, பொறியியலைவிட நீளமாகப் போகும். ஆனால் ஊர் கூடிப் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் அது.

இதே யோசனையைக் கடைசிவரை கொண்டுபோனால் கிடைப்பதுதான் உயர் அழுத்தப் பகிர்மான முறை. எச்.டி. லைனையே வயல் வயலாகக் கொண்டுபோய், இரண்டு மூன்று பம்புக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், 16 அல்லது 25 கேவிஏ, வைத்துவிடுவது. 400 வோல்ட்டுக்குப் பதில் 11,000 வோல்ட்டில் அனுப்பினால் அதே சக்திக்குக் கரண்ட் 27ல் ஒரு பங்குதான். கம்பியில் வீணாவது எழுநூறில் ஒரு பங்குக்கும் கீழே. அமெரிக்காவில் தொடக்கத்திலிருந்தே இந்தப் பாணிதான்: சில வீடுகளுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் தொங்கும். நாம் எடுத்துக்கொண்டது ஐரோப்பியப் பாணி: ஒரு பெரிய டிரான்ஸ்பார்மர், சுற்றிலும் நீண்ட எல்.டி. லைன். நெருக்கமான நகரத்துக்கு அது பொருந்தும். சிதறிக் கிடக்கும் கிணறுகளுக்குப் பொருந்தாது. ஆந்திரத்தில் இந்த முறையைப் பெரிய அளவில் விவசாயத்துக்குச் செய்தார்கள், தமிழ்நாட்டிலும் சில பகுதிகளில் செய்தார்கள். இன்னொரு நன்மை, டிரான்ஸ்பார்மர் இரண்டு மூன்று பேருக்கே சொந்தம்போல ஆகிவிடுவதால், அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். யாராவது கொக்கி போட்டால் உடனே தெரிந்துவிடும். தீமையும் உண்டு. யாரும் பம்பு ஓட்டாத நேரத்திலும் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரும் கொஞ்சம் மின்சாரம் தின்னும். எண்ணிக்கை கூடினால் அந்தச் செலவும் கூடும். ஆயிலும் செம்பும் திருடு போகும் ஆபத்தும் கூடும்.

"டேப் ஏத்தி விடுங்க சார்" என்று கேட்கும் வழக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மர் சுருளின் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜை ஓரிரு படி ஏற்றும் வசதி அது. சிறிய டிரான்ஸ்பார்மர்களில் பலவற்றுக்கு அது கிடையாது. இருப்பவற்றிலும் மின்சாரத்தை நிறுத்தித்தான் மாற்ற முடியும். அதாவது ஒருமுறை வைத்தால் இரவும் பகலும் அதுவே. மாலை ஏழு மணிக்குக் கடைசி வீட்டைக் காப்பாற்ற 5 சதவீதம் ஏற்றினால், நள்ளிரவில் லோடு விழுந்த பிறகு முதல் கம்பத்து வீட்டில் 260க்கு மேல் நிற்கும். கடைமடையைக் காப்பாற்றத் தலைமடையை மூழ்கடித்த கதை.

துணை மின்நிலையத்தில் நிலைமை வேறு. அங்குள்ள பெரிய டிரான்ஸ்பார்மர்களில் லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே டேப் மாற்றலாம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் கணத்தில் கரண்ட் அறுபடவும் கூடாது, இரண்டு படிகளும் நேரடியாக ஒட்டிக்கொள்ளவும் கூடாது. அந்தச் சிக்கலுக்கு ரெசிஸ்டர் வழியாக வேகமாகத் தாண்டும் முறையை 1927ல் ஜெர்மனியின் பெர்னார்ட் யான்சன் கண்டுபிடித்தார். இன்றும் உலகம் முழுக்க அடிப்படை அதுவே. அதை இயக்க ஒரு தானியங்கி ரிலே இருக்கும். லைனில் ஓடும் கரண்ட்டைப் பார்த்து, தூரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப ஏற்றி இறக்கும்படி அந்த ரிலேயை அமைக்க முடியும். கருவி வாங்கியிருந்தாலும் அதைத் தானியங்கியில் வைக்காமல் கையால் ஓட்டினால் பலன் பாதிதான். ரிலேயைப் பழுதுபார்த்துச் சரியாக அமைத்துவிட்டால், அந்த மின்நிலையத்தின் கீழுள்ள அத்தனை ஊரும் பயன்பெறும். நீண்ட எச்.டி. லைன்களின் நடுவழியிலும் வோல்டேஜைத் திருத்தலாம். அமெரிக்கக் கிராமப்புறங்களில் 10 சதவீதம் வரை ஏற்றவும் இறக்கவும் 32 படிகள் கொண்ட ரெகுலேட்டர்களைக் கம்பத்தில் மாட்டியிருப்பார்கள்.

இதுவரை பேசியது வோல்டேஜ் இறங்கும் கதை. இனி ஏறும் கதையும் வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டம் 1 கோடி வீட்டுக் கூரைகளில் சோலார் வைக்கக் குறிவைக்கிறது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் முன்பு பார்த்த அந்த 300 மீட்டர் தெருவின் கோடியில் ஐந்து வீடுகள், ஆளுக்கு 3 கிலோவாட், எல்லாம் ஒரே ஃபேஸில் வைத்தால் என்ன ஆகும்? நடுப்பகலில் வீட்டில் ஆளில்லை, ஃபேன்கூட ஓடவில்லை. சுமார் 65 ஆம்பியர் எதிர்த்திசையில் டிரான்ஸ்பார்மரை நோக்கி ஓடும். இறங்க வேண்டிய இடத்தில் 36 வோல்ட் ஏறும். 240 வோல்ட்டில் தொடங்கினால் 276. இன்வெர்ட்டர் தன் வரம்பைக் கண்டதும் தானே நின்றுவிடும். நல்ல வெயிலில் சோலார் நின்றுபோகிறதே என்று வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் செய்வார். பேனலில் ஒரு கோளாறும் இருக்காது. ஐந்து வீட்டையும் மூன்று ஃபேஸுக்குப் பிரித்திருந்தால் ஏற்றம் பத்து வோல்ட்டுக்குள் நின்றிருக்கும். ஜெர்மனியில் இதற்காகவே தெரு டிரான்ஸ்பார்மர்களிலும் லோடோடு டேப் மாற்றும் வசதியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நமக்கு அதற்கு முன்பே செய்ய வேண்டியது, சோலாருக்கு அனுமதி கொடுக்கும்போது எந்த ஃபேஸ் என்று எழுதிவைப்பது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு குறை இருக்கிறது. கடைசிக் கம்பத்தில் எவ்வளவு வோல்டேஜ் என்பது பெரும்பாலான இடங்களில் அலுவலகத்துக்குத் தெரியாது. துணை மின்நிலையத்தில் மணிக்கொருமுறை எழுதுகிறார்கள். வீட்டு வாசலில் யாரும் எழுதுவதில்லை. 1990லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை. இலவசமாகக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. அளக்காமல் கொடுப்பதால் எந்த டிரான்ஸ்பார்மர் எந்த நேரத்தில் திணறுகிறது என்பது மறைந்துபோகிறது, அதனால் நஷ்டப்படுவதும் அதே விவசாயிதான். மத்திய அரசு 2021ல் ஒப்புதல் கொடுத்த சுமார் 3 லட்சம் கோடி ரூபாய் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தில் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் பேசப்பட்டன. ஸ்மார்ட் மீட்டர் என்றாலே கட்டணம், முன்பணம் என்றுதான் விவாதம் நடக்கிறது. அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வோல்டேஜைப் பதிவு செய்யும் என்பதுதான் பழைய லைன்களுக்கு மிகப் பெரிய பயன். எந்தத் தெருவில் எந்த ஃபேஸ் சாய்கிறது, எங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று ஆபீசில் உட்கார்ந்தே பார்க்கலாம். பார்க்க ஆள் போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மீட்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். அதைப் பிடிக்கத் தெரிந்த வயர்மேன் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். முதல் கம்பத்தருகே ஒரு வீடு, நடுவில் ஒரு வீடு, கடைசிக் கம்பத்தில் ஒரு வீடு. அதிகாலையில், நடுப்பகலில், இரவு ஏழரைக்கு. ஒரு வாரம் எழுதி வையுங்கள். எந்த ஃபேஸ் என்பதையும் சேர்த்து. மூன்று வீட்டிலும் ஒரேபோல் தாழ்ந்திருந்தால் கோளாறு டிரான்ஸ்பார்மரிலோ அதற்கு மேலோ இருக்கிறது. முதல் வீட்டில் 235, கடைசி வீட்டில் 190 என்றால் கம்பியில். ஒரு ஃபேஸ் மட்டும் சாய்ந்தால் சமப்படுத்த வேண்டும். ஒன்று தாழ்ந்து இன்னொன்று எகிறினால் நியூட்ரல். அதற்கு ஒரு வாரம் காத்திருக்கவே கூடாது.

"எங்கள் தெருவில் லோ வோல்டேஜ், ஆவன செய்யவும்" என்று மனு கொடுத்தால், கையில் வேறு தகவல் இல்லாத உதவிப் பொறியாளர் டிரான்ஸ்பார்மர் மாற்றத்துக்குத்தான் எழுதுவார். கம்ப எண், ஃபேஸ், நேரம், வோல்ட் என்று அந்த ஒரு வாரத்துத் தாளையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரை நடுவுக்கு நகர்த்த வேண்டும் என்றோ, நாலு சர்வீஸை அடுத்த ஃபேஸுக்கு மாற்றினால் போதும் என்றோ அவர் எழுதுவதற்கு அந்தத் தாள் ஆதாரமாகும்.